கிர்நார் அடிவாரத்துப் பாறை: ஒரு குறுநடையில் எழுநூறு ஆண்டு

குஜராத்தின் ஜூனாகத் நகரிலிருந்து கிர்நார் செல்வோரின் கண்கள் பெரும்பாலும் மலையுச்சியையே நோக்கியிருக்கும். ஏறத்தாழப் பத்தாயிரம் படிகள், நேமிநாதர் கோயில், அம்பா மாதா கோயில், கோரக்நாத் சிகரம், தத்தாத்ரேயர் சிகரம் என மேலே காண்பதற்கு நிறையவே உண்டு. படியேற இயலாதவர்களுக்காக 2020 அக்டோபர் முதல் ரோப்வேயும் ஓடுகிறது. ஆனால் இந்திய வரலாற்றை மாற்றி எழுதவைத்த சான்று மலைமேல் இல்லை. கீழே, பள்ளத்தாக்கில் இருக்கிறது. நகரின் கிழக்கு வாயிலிலிருந்து பவநாத் அடிவாரம் வரை செல்லும் வழி ஒரு மணி நேர அளவிலான நடைதான். ஏற்றம் மிகக் குறைவு. இருபுறமும் தாழ்ந்த குன்றுகள், கோடையில் இலையுதிர்த்து மழையில் தழைக்கும் காடு, மழைக்காலத்தில் மட்டும் நிறைந்தோடும் சோன்ரேக் ஓடை, நீத்தார் எலும்பைக் கரைக்க மக்கள் கூடும் தாமோதர் குண்டம். பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞர் நரசிங் மேத்தாவின் நினைவும் அந்தக் குண்டத்தோடு பிணைந்தது. இந்த வழியோரத்தில், ஒரு கட்டடத்திற்குள், கருங்கல் பாறை ஒன்று அமர்ந்திருக்கிறது. சுமார் 12 அடி உயரம், அடியில் சுமார் 75 அடி சுற்றளவு. அதன் மேல் மூன்று அரசுகள், மூன்று காலங்களில், மூன்று வகையான மொழியில் எழுதியுள்ளன.

அந்தப் பாறையை அடையுமுன் வழியின் பெயர்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இவ்விடத்தில் பெயர்களே முதற்சான்று. இன்று 'கிர்நார்' என்பது மலையின் பெயர். அதன் மூலமான 'கிரிநகர' என்பதோ ஊரின் பெயர். மலையடி நகரம் என்பது பொருள். மலைக்கு அப்போது ஊர்ஜயத் என்று பெயர். ரைவதகம் என்பதும் இம்மலைத்தொகுதியைச் சேர்ந்த பழம்பெயரே. காலப்போக்கில் ஊரின் பெயர் மலையேறிவிட்டது. ஊருக்கோ 'பழங்கோட்டை' என்று பொருள்படும் ஜூனாகத் என்ற புதுப்பெயர் வந்தது. பள்ளத்தாக்கின் ஓடை கல்வெட்டில் சுவர்ணசிகதா, அதாவது பொன்மணல். இன்றைய சோன்ரேக் என்பதில் முன்பாதியான 'சோன்' அந்தப் பொன்னேதான் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர். ஊர் பெயர் மாறியது, மலை பெயர் மாறியது. ஓடை மட்டும் தன் பெயரின் பாதியைக் காத்துக்கொண்டது.

பாறையின் முதல் எழுத்து அசோகருடையது. பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட பதினான்கு பெரும்பாறைக் கட்டளைகளும் இங்கு உள்ளன. இவற்றுள் இரண்டாம் கட்டளை இந்த இடத்திற்கு மிகவும் பொருந்துவது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததையும், மூலிகையும் கிழங்கும் கனியும் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுசென்று நட்டதையும், வழிகளில் கிணறு தோண்டி மரம் வளர்த்ததையும் அது கூறுகிறது. வழிப்போக்கரின் தாகத்தையும் நிழலையும் பற்றிய கட்டளை வழியோரப் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்துக்கு இடம் தேர்ந்தவர்கள் ஆள்நடமாட்டமுள்ள இடத்தையே தேர்ந்தனர்.

இக்கட்டளையின் மொழியும் கவனத்திற்குரியது. பாடலிபுத்திரத்திலிருந்து புறப்பட்ட செய்தி எல்லா இடங்களிலும் ஒரே வடிவில் பொறிக்கப்படவில்லை. கலிங்கத்தின் தௌலியில் 'லாஜா' என்று வருவது கிர்நாரில் 'ராஜா'. அங்கு 'தேவானம்பியே பியதசி' என்பது இங்கு 'தேவானம்ப்ரியோ ப்ரியதசி'. அங்கு 'நத்தி', இங்கு 'நாஸ்தி'. கிழக்கில் ரகரம் லகரமாகிறது, எழுவாய் ஏகாரத்தில் முடிகிறது, மெய்ம்மயக்கங்கள் கரைந்துவிடுகின்றன. மேற்கில் ரகரம் நிற்கிறது, எழுவாய் ஓகாரம் பெறுகிறது, 'ப்ர', 'ஸ்த' போன்ற கூட்டெழுத்துகள் பெருமளவு காக்கப்படுகின்றன. 'நான்கு' என்பதற்கு 'சத்பாரோ' என்ற தனித்த வடிவமும் இங்குண்டு. பாலி மொழியின் இலக்கண அமைப்பு மேற்கு வழக்கை ஒட்டியது என்று கருதியவர்கள் கிர்நாரையே முதற்சான்றாகக் காட்டினர். இதில் அரசியலும் உண்டு. தலைநகரின் பேச்சு வழக்கை அப்படியே எங்கும் திணிக்காமல், படிப்பவரும் கேட்பவரும் உள்ள இடத்தின் நாவுக்கு ஏற்ப உருமாற்றிய எழுத்தாளர் அமைப்பு ஒன்று மௌரிய அரசில் இருந்தது. கட்டளையை ஒருவர் உரக்கப் படிக்க, கூடியிருப்போர் கேட்பது என்ற முறைக்கு இத்தகைய மாற்றம் தேவையும்கூட.

தமிழ் மாணவர்களுக்கு இதே கட்டளையில் இன்னொரு செய்தியும் உள்ளது. அசோகரின் ஆட்சிக்கு வெளியே, அவருடைய மருத்துவ உதவி எட்டிய நாடுகளின் பட்டியலில் 'சோடா, பாடா, ஸதியபுதோ, கேதலபுதோ' என்ற பெயர்கள் தாமிரபரணியாகிய இலங்கையோடு சேர்ந்து வருகின்றன. சோழர், பாண்டியர் எவரென்பதில் ஐயமில்லை. பிற இடங்களில் கேரளபுத்திரர் என்ற வடிவம் இருப்பதால் 'கேதலபுதோ' என்பது பொறித்தவரின் கைப்பிழை எனலாம். ஸதியபுதோ எவர் என்பதே நெடுங்காலம் விவாதத்திற்குள்ளானது. 1981இல் திருக்கோவிலூர் வட்டாரத்தின் ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை 'ஸதியபுதோ' என்ற அடையுடனேயே குறித்து அவ்விவாதத்திற்கு விடை தந்தது. மொழியியல் நோக்கிலும் இது இசைவானதே. சேரமான் என்பது சேர மகன். அதியமான் என்பது அதிய மகன். 'மகன்' என்பதைப் பிராகிருதம் 'புத' என்று பெயர்த்துக்கொண்டது. தென்திராவிட மொழிகளில் சொல்முதற் சகரம் மறையும் போக்கு டி. பரோ முதலியோரால் விரிவாக ஆராயப்பட்டது. 'ஸதிய' என்பதற்கும் 'அதிய' என்பதற்கும் இடையிலான வேறுபாடு அப்போக்கினுள் அடங்கும். தகடூரின் தலைவர் ஒருவருடைய குடிப்பெயர், அரபிக்கடலோரத் தீபகற்பத்தின் பள்ளத்தாக்கில், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லில் நிற்கிறது.

இங்கு அசோகர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பாறைக்கு அருகிலேயே அவர் காலத்தில் சுதர்சனம் என்ற பேரேரி இருந்தது. கிணறுகளைப் பற்றிப் பேசும் கட்டளைகள் அந்த ஏரியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. ஏரியில் அசோகருக்கு இருந்த பங்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து அதே பாறையில் வேறொருவர் எழுதியதால்தான் தெரியவருகிறது. அவர் மேலைச் சத்திரப மரபின் மகாசத்திரபர் முதலாம் ருத்ரதாமன்.

ருத்ரதாமனின் கல்வெட்டு சக ஆண்டு 72இல், அதாவது பொ.ஆ. 150ஐ ஒட்டி நிகழ்ந்த ஒரு பேரிடரை விவரிக்கிறது. மார்கழி மாதம் எனப்படும் மார்கசீர்ஷத்தின் தேய்பிறை முதல் நாளில் பெருமழை கொட்டியது. ஊர்ஜயத் மலையிலிருந்து இறங்கும் சுவர்ணசிகதா, பலாசினி முதலிய ஓடைகள் கரைபுரண்டன. மலைமுகடுகளையும் மரங்களையும் மாடங்களையும் வாயில்களையும் சிதைத்த புயற்காற்று நீரைக் கலக்கியது. அணை உடைந்தது. உடைப்பின் நீளம் 420 முழம், அகலம் அதே அளவு, ஆழம் 75 முழம். இன்றைய கணக்கில் நீளம் சுமார் 190 மீட்டர். நீர் முழுவதும் வெளியேற, ஏரி பாலைநிலம் போல் ஆயிற்று. 'காண இனியது' என்று பொருள்படும் சுதர்சனம், 'காணச் சகியாதது' என்ற துர்தர்சனமாயிற்று என்று கல்வெட்டு சொல்விளையாட்டுடன் வருந்துகிறது.

அதன்பின் கல்வெட்டு ஏரியின் வரலாற்றைச் சொல்கிறது. சந்திரகுப்த மௌரியருக்காக, அப்பகுதியின் ஆளுநர் வைசியர் புஷ்யகுப்தர் இதைக் கட்டுவித்தார். அசோக மௌரியருக்காக, யவனராஜர் துஷாஸ்பர் இதற்குக் கால்வாய்களை அமைத்துச் செம்மைப்படுத்தினார். துஷாஸ்பரைக் கிரேக்கர் என்று பாடநூல்கள் சில எளிதாகச் சொல்லிவிடுகின்றன. 'யவன' என்ற பட்டம் அவ்வாறு எண்ணத் தூண்டினாலும், அவருடைய பெயரோ ஈரானியச் சாயலுடையது. சமஸ்கிருத 'அச்வ' என்பதற்கு இணையான ஈரானியச் சொல் 'அஸ்ப', அதாவது குதிரை. மேற்கிலிருந்து வந்தோரையெல்லாம் பொதுவாக யவனர் என்றழைக்கும் வழக்கின் தொடக்கத்தை இங்கு காணலாம். வைசியர் ஒருவர் தொடங்கியதை ஈரானியப் பெயருடைய 'யவனர்' நிறைவு செய்ய, சக மரபினர் ஒருவர் மீட்கிறார். அந்த மீட்புப் பணியை நடத்திய அதிகாரி குலைபனின் மகன் சுவிசாகர். அவரைப் பஹ்லவர், அதாவது பார்த்தியர், என்று கல்வெட்டு குறிக்கிறது. மண்ணின் மைந்தர் யார், வந்தேறி யார் என்ற கேள்விக்கு இந்த ஏரிக்கரை தரும் விடை சிக்கலானது. நீரைத் தேக்கியவர்களின் பட்டியலில் ஒரே குலத்தார் இருவர் இல்லை.

ருத்ரதாமனின் கல்வெட்டில் மிகவும் அரிய பகுதி அரசவையின் கருத்து வேறுபாட்டைப் பதிவு செய்யும் இடமாகும். உடைப்பின் பேரளவைக் கண்ட அமைச்சர்கள், ஆலோசனை கூறுவோரும் செயல் நடத்துவோரும் சேர்ந்தே, பணியில் ஆர்வம் காட்டாது மறுத்துவிட்டனர். தகுதி மிக்கவர்கள் என்று அவர்களைப் புகழ்ந்த பின்னரே கல்வெட்டு இதைச் சொல்கிறது. அணை மீண்டும் எழும் என்ற நம்பிக்கை இழந்து மக்கள் அலறினர். அப்போதுதான் ஆனர்த்தம், சுராஷ்டிரம் ஆகிய பகுதிகளை ஆள நியமிக்கப்பட்டிருந்த சுவிசாகர் பணியை ஏற்று, முன்பிருந்ததைவிட நீள அகலத்தில் மும்மடங்கு வலிய அணையை எழுப்பினார். அரசனின் புகழைப் பாட எழுந்த ஒரு வாசகம், அரசனின் அமைச்சரவையே கைவிரித்ததை ஒளிக்காமல் பொறித்திருப்பது பண்டைக் கல்வெட்டுகளில் எளிதில் காணக் கிடைப்பதன்று. புகழ்மொழியின் உத்தியாகவே அது வந்திருக்கலாம். எல்லோரும் தயங்கியதைச் செய்தவன் என்று காட்டினால் பெருமை கூடும். எனினும் பொதுப்பணி என்பது செலவு பற்றிய விவாதத்திற்கு உட்பட்டது என்ற செய்தி அதனூடே நமக்குக் கிட்டுகிறது.

செலவு பற்றிய வாசகத்தை இன்னும் நெருங்கிப் படிக்க வேண்டும். நகர மக்களையும் நாட்டு மக்களையும் கரம், விஷ்டி, பிரணயம் ஆகியவற்றால் வருத்தாமல், தம் சொந்தக் கருவூலத்திலிருந்தே பெரும்பொருள் செலவிட்டு மகாசத்திரபர் இதைச் செய்தார் என்று கல்வெட்டு உறுதி கூறுகிறது. கரம் என்பது வரி. விஷ்டி என்பது கூலியற்ற கட்டாய உழைப்பு. தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்ற சொல்லை அறிஞர்கள் இதனோடு தொடர்புபடுத்துவர். இன்றும் பயனற்ற உழைப்பை 'வெட்டி வேலை' என்கிறோம். பிரணயம் என்றால் அன்பு. அன்பளிப்பு என்ற பெயரில் அரசு பறித்துக்கொள்ளும் பொருளுக்கு அதுவே பெயர். ஓர் அரசு, 'இந்த மூன்றையும் செய்யவில்லை' என்று கல்லில் வெட்ட வேண்டியிருந்தது எனில், இந்த மூன்றும் வழக்கமாக நடந்தவை என்பதே அதன் மறுபக்கம். அதே கல்வெட்டின் முற்பகுதியில், முறைப்படி கிடைத்த வரி, சுங்கம், விளைச்சற்பங்கு ஆகியவற்றால் பொன்னும் வெள்ளியும் வைரமும் வழிந்தோடும் கருவூலத்தை உடையவன் என்று அரசன் புகழப்படுகிறான். 'சொந்தக் கருவூலம்' எதனால் நிரம்பியது என்பதற்குப் புகழ்மொழியே சாட்சி. உடைப்புக்கெனத் தனி வரி விதிக்கப்படவில்லை என்பதை ஏற்கலாம். மக்கள் பொருளின்றி அணை எழுந்தது என்பதை ஏற்க இயலாது. பணியின் நோக்கமாகக் கல்வெட்டு கூறுவது ஆயிரமாண்டு நிலைபேறு, பசுக்கள், பிராமணர், அறம், புகழ். அந்த நீரில் பயிர் செய்தவரும் மண் சுமந்தவரும் பெயரின்றியே நிற்கின்றனர்.

இக்கல்வெட்டின் மொழியைப் பற்றி மாணவர்களிடையே ஒரு தவறான கருத்து பரவியுள்ளது. இதுவே முதல் சமஸ்கிருதக் கல்வெட்டு என்பர். அது சரியன்று. கோசுண்டி, அயோத்தி ஆகிய இடங்களில் இதற்கு முற்பட்ட குறுங்கல்வெட்டுகள் உள்ளன. அரசன் ஒருவனை விரிவாகப் புகழும், அணி நிறைந்த உரைநடையிலமைந்த நெடிய சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் இதுவே நமக்குக் கிடைத்தவற்றுள் முதலாவது என்பதே துல்லியமான கூற்று. வேள்விக்கும் சாத்திரத்திற்கும் உரியதாயிருந்த மொழி அரசியல் பொதுவெளிக்கு வந்த திருப்புமுனையாக ஷெல்டன் பொல்லாக் இதைக் கருதினார். அதைச் செய்தவர் வைதிக மரபில் பிறந்த அரசரல்லர், சக மரபினர் என்பது கவனிக்க வேண்டியது. இலக்கணம், இசை, தருக்கம் ஆகியவற்றில் வல்லவன், உரையும் செய்யுளும் இயற்ற வல்லவன் என்ற புகழ் அவருக்குச் சேர்க்கப்படுகிறது. மரபால் உரிமை கோர இயலாதவர் மொழியால் உரிமை கோருகிறார் என்று இதைப் படிக்கலாம்.

ஆனால் அந்தச் செம்மொழியிலும் பேச்சு வழக்கு எட்டிப்பார்க்கிறது. 420 முழம் என்று சொல்லுமிடத்தில் இருபதைக் குறிக்க 'விம்சதி' என்பதற்குப் பதில் 'வீசத்' என்ற வடிவம் வருகிறது. கல்வெட்டைப் பதிப்பித்த கீல்ஹார்ன் இத்தகைய வழுக்களைச் சுட்டியுள்ளார். அணி நயம் பொழியும் வாக்கியங்களில் கூர்மையாக இருந்த புலவரின் கை, அளவைச் சொல்லும் எண்ணில் பிராகிருதத்திற்கு நழுவுகிறது. அளந்தவர்கள் பேசிய மொழி எது என்பதை அந்த ஓர் எண் காட்டிக்கொடுக்கிறது.

ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்று எழுப்பிய அணை ஏறத்தாழ 305 ஆண்டுகள் நின்றது. குப்த ஆண்டு 136, அதாவது பொ.ஆ. 455ஐ ஒட்டி, புரட்டாசி எனப்படும் பாத்ரபத மாதத்து ஆறாம் நாள் இரவில் அது மறுபடி உடைந்தது. மூன்றாம் கல்வெட்டு ஸ்கந்தகுப்தர் காலத்தது. முழுவதும் செய்யுளால் ஆனது. சுராஷ்டிரத்தை ஆளத் தகுதியானவர் யார் என்று பேரரசர் இரவும் பகலும் சிந்தித்துப் பர்ணதத்தரைத் தேர்ந்ததாகவும், அவருடைய மகன் சக்ரபாலிதர் நகரத்தைக் காத்ததாகவும் அது கூறுகிறது. உடைப்பை வருணிக்கும் இடத்தில் கவிஞர் கற்பனையை நெடிது ஓடவிடுகிறார்: ஏரியில் சிறைப்பட்டிருந்த ஆறுகள் தம் கணவனாகிய கடலை நாடி விடுபட்டுச் சென்றனவாம். அடுத்து வருவதோ எளிய மனித நடப்பு. மக்கள் இரவின் முன்பாதியிலும் பின்பாதியிலும் எழுந்து நின்று, இனி என்ன செய்வது என்று ஒருவரோடொருவர் பேசித் தவித்தனர். நூற்றாண்டுகள் கடந்தும் இன்றைய வெள்ளப் பகுதியின் இரவை இதைவிட உண்மையாகச் சொல்வது கடினம். மறு ஆண்டில், இரண்டு மாதங்களில், 100 முழ நீளமும் 68 முழ அகலமும் ஏழு ஆள் உயரமும் கொண்ட கரையைச் சக்ரபாலிதர் கட்டி முடித்தார். குப்த ஆண்டு 138இல் திருமாலுக்கு ஒரு கோயிலும் எழுந்தது.

மூன்று கல்வெட்டுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெளிவாகும். அசோகரின் கட்டளையில் அரசரே மக்களை நோக்கிப் பேசுகிறார். மொழி வழிப்போக்கரின் மொழி. ருத்ரதாமனின் கல்வெட்டில் அரசரைப் பற்றிப் புலவர் பேசுகிறார்; மொழி அவையின் மொழி. ஸ்கந்தகுப்தரின் கல்வெட்டில் பேரரசர், ஆளுநர், ஆளுநரின் மகன் என்ற படிநிலை முழுவதையும் கவிஞர் பாடுகிறார்; யாப்பு நுட்பமே முன்னிற்கிறது. பிற்காலத் தமிழகத்து மெய்க்கீர்த்திகளைப் பயில்வோருக்கு இந்தப் பாதை அந்நியமாகத் தோன்றாது. அரசனின் குரல் மக்களை விட்டு மேலே ஏற ஏற, கல்லில் எழுத்து அழகுறுகிறது. கேட்போர் வட்டமோ சுருங்குகிறது. எனினும் நீரைப் பற்றிய செய்தி எதிர்த்திசையில் செல்கிறது. ஏரியைப் பற்றி ஒன்றும் சொல்லாத அசோகரைவிட, உடைப்பை முழக்கணக்கில் எழுதிய பின்னவர்களே பள்ளத்தாக்கின் வாழ்வை நமக்கு நெருக்கமாகக் காட்டுகின்றனர். பேரரசுகள் மாறின, மொழிகள் மாறின, வழிபட்ட தெய்வங்கள் மாறின. உடைந்த கரையை அடைக்கும் கடமை மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது. சந்திரகுப்தர் முதல் ஸ்கந்தகுப்தர் வரை ஏறத்தாழ 750 ஆண்டுகள் ஓர் ஏரி உயிரோடிருந்ததற்குக் காரணம் அது ஒருமுறை நன்றாகக் கட்டப்பட்டது என்பதன்று. மறுபடி மறுபடி பழுதுபார்க்கப்பட்டது என்பதே. அதன்பின் ஏரியின் பழுதைப் பற்றி அந்தப் பாறையில் எழுத்தில்லை, ஏரியும் இன்றில்லை.

எழுத்தும் மறதிக்குள் சென்றது. 1822இல் ஜேம்ஸ் டாட் இப்பாறையைக் கண்டு வியந்தபோது அதைப் படிக்க ஒருவரும் இல்லை. அடிவாரத்திற்குச் செல்லும் யாத்திரை வழியைக் குதிரை வணிகர் சுந்தர்ஜியின் பொருளுதவி செம்மைப்படுத்தியது. அந்த வழிப்பணிக்காக வெடிவைத்ததில் பாறையின் ஒரு பகுதி சிதைந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஐந்தாம், பதின்மூன்றாம் கட்டளைகளின் சில வரிகள் இங்கு குறைபட்டிருப்பது அதனால்தான். வழியில் செல்வோருக்காக எழுதிய எழுத்தை, வழியில் செல்வோர் நலனுக்கான பணியே உடைத்தது. அறம் கருதிச் செய்த பணி அது. எழுத்தைப் படிக்க முடியாத காலத்தில் அது வெறும் கல்.

1837இல் பம்பாயின் ஜான் வில்சனுக்காகக் கேப்டன் லாங் துணியில் எடுத்த படி கல்கத்தாவிலிருந்த ஜேம்ஸ் பிரின்செப்பிடம் சென்றது. பிராமி எழுத்தின் புதிரை அப்போதுதான் அவிழ்த்திருந்த பிரின்செப், 1838இல் கிர்நார்க் கட்டளைகளைப் படித்தார். அந்தியோகஸ், தாலமி, மாகஸ் முதலிய கிரேக்க அரசர்களின் பெயர்கள் கட்டளைகளிலிருந்து வெளிப்பட்டன. இந்திய வரலாற்றின் காலக்கணக்கு மேற்குலகின் காலக்கணக்கோடு உறுதியாக இணைந்தது. அதே ஆண்டில் அவர் ருத்ரதாமன் கல்வெட்டையும் வெளியிட்டார். அசோகர் தம் கட்டளைகளில் தம்மைத் தேவானம்ப்ரியர், ப்ரியதசி என்றே குறித்தார். அவர் கட்டளையொன்றில் 'அசோக' என்ற பெயர் 1915இல் மஸ்கியில்தான் கிட்டியது. ஆனால் கிர்நார்ப் பாறையின் மறுபக்கத்தில், ஏரியின் வரலாறு கூறும் வரியில், 'மௌரிய அசோக' என்ற பெயர் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக எழுதப்பட்டே இருந்தது.

இந்த வாசிப்பு வரலாற்றில் உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயர் தவறாமல் இடம்பெற வேண்டும். பகவான்லால் இந்திராஜி 1839இல் ஜூனாகத்திலேயே பிறந்தவர். பிரின்செப்பின் எழுத்து அட்டவணையைத் துணைகொண்டு ஊர்ப்பாறையைத் தாமே படிக்கப் பழகி, பின்னர் பம்பாயில் பாவு தாஜியோடு பணியாற்றி, நாணேகாட் முதல் நேபாளம் வரையிலான கல்வெட்டுகளைப் படியெடுத்தார். ருத்ரதாமன் கல்வெட்டை 1878இல் பியூலருடன் சேர்ந்து திருத்தமாகப் பதிப்பித்தார். பல்கலைக்கழகப் படிப்பின்றி, நடந்துபோகும் தொலைவில் இருந்த பாறையைப் பள்ளியாகக் கொண்டு அவர் எழுந்தார்.

இன்று அந்த இடத்தை மக்கள் 'அசோக சிலாலேகம்' என்றே அழைக்கின்றனர். பெயரில் பிழையில்லை, ஆனால் அது முழுமையன்று. ஒரு பேரரசரின் பெயரால் மட்டும் பாறையை அறியும்போது புஷ்யகுப்தர், துஷாஸ்பர், சுவிசாகர், சக்ரபாலிதர் ஆகியோரும், பெயர் எழுதப்படாத மண்சுமந்தோரும், அவர்கள் காத்த நீரும் மறைகின்றனர். அந்த மறதிக்கு விலையும் உண்டு. சௌராஷ்டிரம் நீர் வறட்சியும் திடீர்ப் பெருவெள்ளமும் மாறிமாறி வரும் நிலம். 1979 ஆகஸ்டில் மச்சு இரண்டாம் அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. 2023 ஜூலையில் சில மணி நேர மழையில் ஜூனாகத் தெருக்கள் ஆறாகி, கார்களும் கால்நடைகளும் அடித்துச் செல்லப்பட்டன. இதே மலையிலிருந்து இறங்கும் நீர் என்ன செய்யும் என்பதை முழக்கணக்கோடு எழுதிய ஆவணம் நகரின் வாயிலில் இரண்டு முறை பொறிக்கப்பட்டுள்ளது. அதை அரச மரபுகளின் வரிசையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்வதற்கான சான்றாக மட்டும் வகுப்பறைகள் சுருக்கிவிட்டன.

கிர்நாருக்குச் செல்லும் மாணவர் உச்சிக்கு ஏறலாம், ரோப்வேயில் செல்லலாம். அதற்கு முன் கிழக்கு வாயிலிலிருந்து அந்தக் குறுகிய பள்ளத்தாக்கு வழியை நடந்து கடப்பது நல்லது. பாறையின் மூன்று முகங்களையும் சுற்றிவந்து, பின் எதிரே உள்ள குன்றுகளுக்கிடையே ஒரு கரையைக் கற்பனையில் எழுப்பிப் பார்க்க வேண்டும். பேரரசு என்பது படைகளாலும் பட்டங்களாலும் மட்டும் நிற்பதன்று, உடைப்பு நேர்ந்த மறுநாள் காலை யார் மண்வெட்டி எடுத்தார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்தது யார் என்ற கேள்விகளிலும் அது நிற்கிறது. இரண்டு கேள்விகளுள் இரண்டாவதற்கு அரசன் தரும் விடை பாறையில் உள்ளது. முதற்கேள்விக்கான விடையை வரலாற்று மாணவர்கள்தாம் தேடியாக வேண்டும்.